ஒரு செம்புத் தண்ணீர்

வெளியூர் கிளம்புகிறவனின் பையைத் திறந்து பார்த்தால் போதும், அவன் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று தெரிந்துவிடும்.

போன வருடம் ஆவணி மாதம், ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கிளம்பினேன். இரண்டே நாள் பயணம். பையில் இருந்தவை: நாலு லிட்டர் பாட்டில் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, கொசுக் களிம்பு, டார்ச் லைட், சோப்பு, காயத்துக்கு மருந்து, பஞ்சு.

"இதுல துணி எங்கே வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

எங்கள் குடியிருப்பில் பதினோரு வருடம் காவலாளியாக இருந்தவர் ஊரில் வீடு கட்டியிருந்தார். "சார், பால் காய்ச்சறோம். நீங்க கண்டிப்பா வரணும். வந்தா ராத்திரி தங்கிட்டுத்தான் போவணும்" என்று நாலு தடவை போன் பண்ணிவிட்டார். மறுக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ரிஷிவந்தியம் போனேன். அர்த்தநாரீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். பாதி உடம்பைப் பங்கு போட்டுக் கொடுத்த சாமி. கோயில் வாசலில் பைக்கோடு நின்றிருந்தார் நம் காவலாளி. சீருடையில்லாமல் வெள்ளை வேட்டியில் பார்த்தபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பதினோரு வருடம் தினமும் பார்த்த முகம்!

இரண்டு பக்கமும் கரும்பு. நடுவே மண் சாலை. ஊருக்குள் போய், அதையும் தாண்டி, காலனியில் போய் நின்றது பைக். புது வீடு. இரண்டு அறை. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய அம்மா ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செம்பைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார். பளபளவென்று மின்னியது.

"குடிங்க சார்."

நான் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டி, "பரவாயில்லம்மா, என்கிட்ட தண்ணி இருக்கு" என்றேன்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீட்டிய கை அப்படியே ஒரு நொடி நின்றது. பிறகு செம்பைப் பின்னால் இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டார். ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர்போல.

மகன்தான் சமாளித்தார். "சாருக்கு வெளித் தண்ணி ஒத்துக்காதும்மா. மெட்ராஸ்ல எல்லாரும் இப்படித்தான்."

நான் சொன்னது கிருமியைப் பற்றி. அந்த அம்மாவின் காதில் விழுந்தது வேறு. விருந்தாளி ஒருத்தன் காலனி வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால், அதற்கு இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று எழுபது வருடமாக அவருக்குத் தெரியும். புது வீடு, துலக்கிய செம்பு, வாசல் கோலம் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பழைய அர்த்தம் உள்ளே வந்துவிட்டது. அதைக் கூட்டிவந்தவன் நான்.

தண்ணீர் நம் ஊரில் வெறும் தண்ணீர் இல்லை. 1927 மார்ச் 20-ம் தேதி மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற ஊரில், அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். அதற்கே அடிதடி. பிறகு குளத்தில் சாணத்தையும் கோமியத்தையும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அரசியல் சட்டத்தின் 17-ம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. தனிக் குவளை வைத்த டீக்கடைகள் அதற்குப் பிறகும் பல காலம் நம் ஊர்களில் இருந்தன.

டீக்கடையை ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கும். காவலாளிக்குக் காபி கொடுக்கிற டம்ளர். யாரும் உத்தரவு போட்டு வைக்கவில்லை. எப்படியோ அது அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. "எல்லாருக்கும் கொடுக்கறது, தனியா இருந்தா சுத்தம்" என்று ஒரு காரணமும் கூடவே இருந்தது. பதினோரு வருடம் அந்த டம்ளரில் காபி குடித்தவருடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சுத்தம் பேசுகிறேன்.

சரி, அப்படியானால் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்திருக்க வேண்டுமா?

என்னுடைய டாக்டர் நண்பரிடம் பிறகு இதைச் சொன்னேன். அவர் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. "குடிச்சிருக்கக் கூடாது" என்றார். "மழைக்காலம். குழாயும் சாக்கடையும் பக்கத்துல பக்கத்துல போகுது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் மரியாதை பார்த்து வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு வாந்தி பேதின்னா யாரு உன்னைத் தூக்கிட்டு ஓடுவா? அந்த ஊருல இருக்கிற ஒரே ஆட்டோவை நீ எடுத்துக்குவே. விசேஷத்துக்கு வெச்சிருந்த காசை உனக்குச் செலவழிப்பாங்க. போற இடத்துல நோயில படுக்காம இருக்கிறதும் ஒரு மரியாதைதான்."

அவர் சொல்வதும் நியாயம். எட்டாத ஊருக்குப் போகிறவன் தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது சுயநலம் மட்டுமல்ல. அங்கே இருக்கிற கொஞ்சநஞ்ச வசதியை நாமே பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

ஆக, குடித்தாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு. இந்த முடிச்சை அவிழ்த்தது நானில்லை. அந்த அம்மாதான்.

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை செம்பில் ஆவி பறந்தது. "சுட வெச்சிருக்கேன். ஆறினதும் குடிக்கலாம். எங்க சின்னப் புள்ளைக்கும் இப்படித்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க ஆஸ்பத்திரியில."

எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரை நன்றாகக் கொதி வரவிட்டு, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், கிருமிகள் செத்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், 'கொஞ்சம் சுட வெச்சுத் தர்றீங்களாம்மா?' என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஓர் உதவியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பாட்டிலை எடுத்துக் காட்டினால் யாருடைய தயவும் வேண்டாம். இரண்டிலும் கிருமி இல்லைதான். ஆனால் ஒன்றில் அந்த வீட்டுக்கு இடம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

செம்பை வாங்கிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்டேன். "பேத்திக்கு என்ன ஆச்சு?"

"போன மாசம் வாந்தியும் பேதியுமா போச்சு. மூணு நாளு பெரியாஸ்பத்திரியில கெடந்தோம்" என்றவர், சாதாரணமாக ஒன்று சொன்னார். "நீங்க பாட்டிலு கொண்டாந்துட்டீங்க. இதுங்க எத்தக் குடிக்கும் தம்பி?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

என்னிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். 'அவங்களுக்கு அது பழகிடுச்சு.' கிராமத்துப் பயணம் போய்வருகிற நகரத்து ஆசாமிகள் எல்லாருக்கும் பாடமாக இருக்கிற வாக்கியம். நமக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, அவர்களுக்குப் பழகிவிட்டது. நமக்கு இருட்டில் நடக்க பயம், அவர்களுக்குப் பழகிவிட்டது.

பழகிவிட்டதா? வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம். அதைக் குழந்தையாக இருந்தபோதே உடம்பால் விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள். வாங்க முடியாமல் போன குழந்தைகள் நம்மிடம் வந்து 'எனக்குப் பழகவில்லை' என்று சொல்வதில்லை.

பையில் இருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்துக்கே ஒரு கதை உண்டு. 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர், உப்பையும் சர்க்கரையையும் கணக்காகத் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. பொட்டலம் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இன்று பயணிகளின் கைப்பையில் இருக்கிற இந்த மருந்து, முதலில் பேர் வாங்கியது போக இடமில்லாதவர்களைக் காப்பாற்றித்தான்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தோம். மேற்கே கல்வராயன் மலை இருக்கும் திசையில் மேகம் இறங்கியிருந்தது. வடமேற்கே போனால் செங்கம். அங்கே ஆண்ட நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது. பரிசு வாங்கப் போகிற கூத்தர்களுக்கு, ஏற்கெனவே போய்வந்த ஒருவன் வழி சொல்கிறான். அந்தக் காலத்துப் பயணப் பாதுகாப்புக் கையேடு என்றே சொல்லலாம். விடிந்தபிறகு நடங்கள், பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகளைப் பார்த்துப் போங்கள், தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்ட எறியும் கல் உங்கள் மேல் விழாமல் மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள், வழுக்குகிற இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான்.

அதே ஆள், அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறான். வழியில் மலைக்குடி வந்தால் வாசலில் தயங்கி நிற்காதீர்கள், உங்கள் வீட்டுக்குள் போவதுபோல நேராகப் போங்கள், சொந்தக்காரர்கள்போல உரிமையோடு பழகுங்கள்.

பாம்பிடம் ஜாக்கிரதை, பாறையிடம் ஜாக்கிரதை. மனிதர்களிடம் உரிமை. நாம் எப்போது இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டோம்?

ராத்திரி படுக்கை போட்டார்கள். வீடு முழுக்க சொந்தக்காரர்கள். எனக்கு முன்னறையில் பாய், தலையணை, அதன்மேல் கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டுப் போனார் நம் காவலாளி. "கரும்புக்கொல்லை பக்கம் சார். எலி வரும். எலி வந்தா அதுவும் வரும்" என்றார். பேர் சொல்லவில்லை. ராத்திரியில் பேர் சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பேர் தெரியும். கட்டுவிரியன். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனோடு நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்கிற நாலில் ஒன்று. ராத்திரியில் வெளியே வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தானாகத் தொங்கும், மூச்சு அடங்கும். வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியதைவிட, செய்யக் கூடாததுதான் முக்கியம். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுவதுபோலக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுத்துவருவது, 1978-ல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

இதையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வலைக்கு வெளியே, வெறும் தரையில், அந்த அம்மா. பக்கத்தில் இரண்டு பேத்திகள். அதற்கப்பால் அவர், அவர் மனைவி.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு வலை.

எழுந்து வலையை அவிழ்க்கப் போனேன். அவர் விழித்துக்கொண்டார். "சார், என்ன பண்றீங்க? படுங்க. எங்களுக்குப் பழகிடுச்சு."

அந்த வாக்கியத்தை அவர்களே சொல்லிக் கேட்டது அப்போதுதான். நாம் சொன்னால் அது சாக்கு. அவர்கள் சொன்னால்? விருந்தாளியின் மனசு கஷ்டப்படக் கூடாது என்கிற நாகரிகம்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம். இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. அநேகமாக எல்லாரும் கிராமத்துக்காரர்கள், பாம்போடு வாழ்ந்து 'பழகியவர்கள்'. தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததே 2024 நவம்பரில்தான். அதுவரை முழுக் கணக்கில்கூட வராத சாவுகள்.

கொஞ்ச நேரம் வாக்குவாதம். "விருந்தாளிக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊரு எங்கள என்ன பேசும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இரண்டு பேத்திகளையும் தூக்கி வலைக்குள் விட்டார்கள். சின்னது ராத்திரி பூராவும் என் விலாவில் உதைத்துக்கொண்டே தூங்கியது. மற்ற மூன்று பேர் வெளியேதான். நான் உள்ளேதான். அன்றைக்கு நான் தூங்கவில்லை என்று சொன்னால் பெருமைபோல இருக்கும். விடியற்காலையில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பைக்கில் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனார். வெள்ளிமலை வரை ஏறினோம். மேலே காற்று ஜில்லென்று இருந்தது. 'இங்கேயே இருந்துவிடலாம்' என்று தோன்றுகிற அழகு. இரண்டு மணி நேரத்துக்கு வந்தவனுக்குத் தோன்றுகிற அழகு.

1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசு எடுத்துக்கொண்டது. கீழே கள்ளக்குறிச்சியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் மலைக்குள் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கும் அதற்கும் நடுவே இருப்பது சாலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, அந்த ஜூலையில்தான், கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். புதரில், புல்லில் உட்கார்ந்து எழுந்து, ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு என்று மறைவான இடங்களில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு போனால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும். 'மலைக்குப் போயிருந்தேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலையிலேயே இருப்பவருக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் போய்வந்த இடம் என்று எதுவும் கிடையாது.

பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தடவையும் அதே பையைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். ஆனால் அதிலிருக்கிற ஒவ்வொரு சாமானும் ஒரு கேள்வி என்று இப்போது படுகிறது. எனக்கு எதெல்லாம் ஆபத்து என்று எழுதிவைத்திருக்கிறேனோ, அதெல்லாம் அங்கே யாரோ ஒருத்தருடைய தினசரி வாழ்க்கை. என்னிடமிருந்த தண்ணீர் நாலு லிட்டர். அது தீர்ந்தபிறகு எனக்கும் அவர்களுடைய குழாய்தான், அவர்களுடைய சாலைதான், அவர்களுடைய ஆஸ்பத்திரிதான்.

கிளம்பும்போது அந்த அம்மா என் காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொண்டுவந்தார். "சுட வெச்சு ஆற வெச்சது தம்பி. பயப்படாம குடி" என்றார். பஸ்ஸில் குடித்தேன். லேசாகப் புகை வாசனை.

வீட்டுக்கு வந்து இரண்டு கொசுவலை வாங்கி அனுப்பினேன். அது பெரிய காரியமில்லை. பெரிய காரியம் இன்னொன்று என்று நினைத்தேன். ஜன்னலோரம் அந்த எவர்சில்வர் டம்ளர் அப்படியே இருந்தது. ஆள் மாறியிருந்தார், டம்ளர் மாறவில்லை. எடுத்துத் துலக்கி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன். மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து, காபி குடிக்கும்போது ஞாபகம் வந்து தேடினேன். எது அந்த டம்ளர் என்று அடையாளம் தெரியவில்லை.